பொதுத்துறை வங்கியின் கல்விக்கடன்: திட்டம் நன்று, கிளை நம்மை அலைக்கழித்தது

என் மகளின் பொறியியல் படிப்புக்காக 2023-ஆம் ஆண்டு ஒரு பொதுத்துறை வங்கியில் கல்விக்கடன் பெற்றோம். மூன்று ஆண்டுகளுக்கான தவணைகள் கல்லூரிக்குச் சென்று சேர்ந்துவிட்டன. நான்காவது தவணை மட்டும் மீதம் இருக்கிறது. இந்தச் சேவையை விண்ணப்பத்திலிருந்து கணக்கு அறிக்கை வரை நேரில் பார்த்தவள் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வங்கியின் பெயரையும் கிளையின் பெயரையும் நான் குறிப்பிடப்போவதில்லை. எங்களுக்கு நேர்ந்தது வேறு வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கும் நேர்ந்திருக்கிறது என்பதை, வரிசையில் என்னோடு உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

முதலில் எங்கள் தேவையைச் சொல்லிவிடுகிறேன். கலந்தாய்வு வழியாக மகளுக்கு ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. கற்பிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 55,000 ரூபாய். அந்தத் தொகையைக் கேட்டபோது, எப்படியாவது சமாளித்துவிடலாம் என்றுதான் நானும் என் கணவரும் நினைத்தோம். கல்லூரியில் கட்டண விவரத்தை முழுமையாகக் கேட்டு வாங்கிய பிறகுதான், விடுதிக்கும் உணவுக்கும் 75,000, தேர்வு, ஆய்வகம், புத்தகம், இதர பயிற்சிகள் என்று இன்னொரு 20,000, ஆக ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ஆகும் என்பது தெரிந்தது. கற்பிப்புக் கட்டணத்துக்கு அரசு நியமித்த குழு வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஆகும் செலவில் பாதிக்கு மேல் அந்த வரம்புக்கு வெளியில்தான் இருக்கிறது. கட்டணம் உயர்ந்துவிட்டது என்று பொதுவாகச் சொல்கிறோம். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை உயர்ந்தது கட்டணத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் மற்றவைதான்.

கடனுக்குப் போவதற்கு முன்பு உதவித்தொகைகள் எல்லாவற்றையும் பார்த்தோம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் பெறுவோருக்குக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் தமிழ்நாடு அரசே ஏற்கிறது. எங்கள் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவள் என்பதால் அது பொருந்தவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையை அவளுடைய அண்ணன் படிக்கும்போதே பெற்றுவிட்டோம். வீட்டில் ஒருவர் பட்டம் பெற்றுவிட்ட பிறகு அடுத்தவருக்கு அது கிடையாது. இந்த இரண்டில் ஒன்று உங்கள் வீட்டுக்குப் பொருந்துமானால், கடன் விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்பு அதை முடித்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கட்ட வேண்டாத பணத்துக்கு முன்னால் எந்தக் கடனும் நிற்காது.

இனி கடனுக்கு வருகிறேன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தை அடிப்படையாக வைத்தே பொதுத்துறை வங்கிகள் இந்தக் கடனைத் தருகின்றன. அதன் விதிகளைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே மனநிறைவு ஏற்பட்டது. 4 லட்சம் ரூபாய் வரை பிணையும் வேண்டாம், நம் கையிலிருந்து போட வேண்டிய மார்ஜின் தொகையும் வேண்டாம். அதற்கு மேல் 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு, 2015-இல் தொடங்கப்பட்ட கல்விக்கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின் கீழ், வாராக்கடனில் 75 சதவீதத்துக்கு அரசின் உத்தரவாதம் இருக்கிறது; அந்த உத்தரவாதத்தின் கீழ் வரும் கடனுக்குச் சொத்துப் பத்திரமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கக் கூடாது. கற்பிப்புக் கட்டணம் மட்டுமல்லாமல் விடுதி, தேர்வு, நூலகம், ஆய்வகம், புத்தகம், படிப்புக்குத் தேவையானால் கணினி வரை கடனில் சேரும். படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓர் ஆண்டும் தவணை கட்ட வேண்டாம். வங்கியில் இதை மொரட்டோரியம் என்கிறார்கள். அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம். உள்நாட்டுப் படிப்புக்குப் பரிசீலனைக் கட்டணமும் இல்லை. கூலி வேலை செய்கிற குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதிகள் இவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

விண்ணப்பிப்பதற்கு வித்யாலட்சுமி இணையதளத்தைப் பயன்படுத்தினோம். 2015 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்ட இந்தத் தளத்தில் ஒரே படிவத்தை நிரப்பி மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். விண்ணப்பத்தின் நிலையையும் அங்கேயே பார்க்கலாம். மகளே ஒரு மாலையில் நிரப்பி முடித்துவிட்டாள். அந்தப் படிவத்தால் விளையும் பெரிய நன்மையை அப்போது நான் உணரவில்லை: நாம் எந்தத் தேதியில் கேட்டோம், எவ்வளவு கேட்டோம் என்பதற்கு நம் கையில் ஒரு பதிவு எண் இருக்கிறது. வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வருபவர்களுக்கு அப்படி எதுவும் இருப்பதில்லை.

படிவம் போய்ச் சேர்ந்த பிறகு நடந்தவற்றைத்தான் குறை என்று சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று வங்கிகளில் ஒன்று, எங்கள் வீடு அந்தக் கிளையின் சேவைப் பகுதிக்குள் வரவில்லை என்று தொலைபேசியில் சொல்லி முடித்துக்கொண்டது. சேவைப் பகுதியைக் காரணம் காட்டிக் கல்விக்கடன் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-இலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. இரண்டாவது வங்கியிலிருந்து பதிலே வரவில்லை. மூன்றாவது, பின்னர் எங்களுக்குக் கடன் தந்த கிளை.

அந்தக் கிளைக்கு ஏழு வாரங்களில் ஒன்பது முறை சென்றோம். முதல் முறை மேலாளர் இல்லை. இரண்டாம் முறை, மகள் அங்கே படிக்கிறாள் என்பதற்குக் கல்லூரியிலிருந்து போனஃபைட் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதைக் கொண்டுபோன அன்று, கட்டண விவரம் கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாளில் ஆண்டு வாரியாக இருக்க வேண்டும் என்றார்கள். அடுத்த முறை வருமானச் சான்றிதழ். ஒவ்வொன்றும் நியாயமான ஆவணம்தான்; எல்லாவற்றையும் முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், கணவருக்கு நான்கு நாள் தறிக்கூலி போயிருக்காது. ஐந்தாவது முறை, கடன் பிரிவு அலுவலர் கோப்பைப் பார்த்துவிட்டு, கற்பிப்புக் கட்டணத்துக்கு மட்டும் என்றால் நான்கு ஆண்டுக்கு 2 லட்சத்து 20 ஆயிரம் தரலாம், விடுதிச் செலவையும் சேர்த்து முழுத்தொகை வேண்டுமென்றால் வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவாருங்கள் என்று சொன்னார். அவர் கடுமையாகப் பேசவில்லை. பத்திரம் கேட்பது வழக்கமான ஒன்று என்பதுபோல, பேனாவை மூடியபடியே சொன்னார்.

எங்கள் வீடு என் மாமனார் பெயரில் இருக்கிறது. அவருக்கு மூன்று பிள்ளைகள். ஒரு பேத்தியின் படிப்புக்காக மற்ற இரண்டு பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து வங்கியில் வைக்கச் சொல்லி எப்படிக் கேட்பது என்று அன்றிரவு முழுவதும் நாங்கள் தூங்கவில்லை. படிப்பே வேண்டாம், ஊரிலேயே ஏதாவது படிக்கிறேன் என்று மகள் சொன்னாள். விதி வேண்டாம் என்று சொன்ன ஒரு பத்திரத்தைக் கேட்டதால் ஒரு பெண் தன் படிப்பையே விட்டுக்கொடுக்க முன்வந்தாள் என்பதை அந்த அலுவலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை; ஆனால் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் கல்லூரி முதல் பருவக் கட்டணத்துக்குக் கெடு வைத்துவிட்டது. கடன் வரும் வேகத்துக்குக் கல்லூரி காத்திருக்காது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 70,000 ரூபாயை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வெளியில் வாங்கிக் கட்டினோம். இரண்டு மாதத்துக்கு 2,800 ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 24 சதவீதம். கட்டிய ரசீதுகளைக் காட்டி அந்தத் தொகையைப் பின்னர் கடனிலிருந்து பெற்றுக்கொண்டோம் என்பது வேறு. ஆனால் வெளியில் வாங்குவதற்கும் முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த இடம் போயிருக்கும்.

கல்லூரியின் சேர்க்கைக் கூடத்தில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் முகவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்றே நாளில் கடன், கிளைக்கு வரவேண்டிய அவசியமே இல்லை என்றார். களைத்துப்போயிருந்த எங்களுக்கு அது பெரிய ஆறுதலாகத் தோன்றியது. வட்டி 13 சதவீதத்துக்கு மேல் என்பதைக்கூட ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தோம். நல்லவேளையாக மகன் ஒரு கேள்வி கேட்டான்: மத்திய அரசின் வட்டி மானியம் இதற்கு உண்டா? இல்லை என்றார். இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மதிப்புரையின் அடுத்த பகுதியைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

கணக்கு எளிமையாக இருக்க, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம் நான்கு ஆண்டில் 6 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தவணை கட்ட வேண்டாத ஐந்து ஆண்டுகளிலும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். இந்தக் காலத்தில் தனிவட்டிதான் போடுகிறார்கள். முதல் ஆண்டு வாங்கிய ஒன்றரை லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 75,000. அடுத்தடுத்த ஆண்டுகளில் வாங்கியவற்றுக்கு 60,000, 45,000, 30,000. கூட்டினால் 2 லட்சத்து 10 ஆயிரம். தவணை தொடங்கும் நாளில் இது அசலோடு சேர்ந்து, 6 லட்சம் 8 லட்சத்து 10 ஆயிரமாகிவிடும். அதைப் பத்து ஆண்டில் கட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 10,700 ரூபாய். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், 6 லட்சத்துக்கு மட்டும் தவணை போடுவார்கள். மாதம் ஏறத்தாழ 7,930. படித்து முடித்து வேலைக்குச் சேரும் பிள்ளையின் முதல் சம்பளத்தில் 2,770 ரூபாய் வித்தியாசம் என்பது சிறியதல்ல. அப்படி வட்டியை ஒழுங்காகக் கட்டுவோருக்கு ஒரு சதவீதம் வரை வட்டிக் குறைப்புக்கும் திட்டத்தில் இடமுண்டு. பல பொதுத்துறை வங்கிகள் மாணவியருக்கு அரை சதவீதம் குறைத்துத் தருகின்றன. இரண்டையும் கேட்டுப் பெற வேண்டும்.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, பிள்ளை தேசியத் தர அங்கீகாரம் பெற்ற கல்லூரியிலோ பாடப்பிரிவிலோ தொழில்நுட்பப் படிப்போ தொழிற்படிப்போ படித்தால், தவணை விடுப்புக் காலத்தின் வட்டி முழுவதையும் மத்திய அரசே ஏற்கிறது. 2009-இலிருந்து நடைமுறையில் இருக்கும் இந்த வட்டி மானியம், வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தின் கீழ் வங்கிகள் தரும் கடனுக்கு மட்டுமே கிடைக்கும். அதாவது மேலே சொன்ன 2 லட்சத்து 10 ஆயிரமும் நாம் கட்ட வேண்டியதில்லை. மூன்று நாளில் கடன் தருகிறேன் என்றவரிடம் போயிருந்தால், ஏழு வார அலைச்சலைத் தவிர்ப்பதற்காக நாங்கள் கொடுத்திருக்கும் விலை அதுவாக, இல்லை அதற்கும் மேலாக இருந்திருக்கும்.

மானியம் தானாக வந்துவிடும் என்றும் நினைத்துவிட வேண்டாம். வங்கிதான் நம் சார்பாகக் கோரிக்கை அனுப்ப வேண்டும். முதல் ஆண்டு முடிவில் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது வட்டி மட்டும் ஏறியிருந்தது, மானியத்தின் வரவு எதுவும் இல்லை. வட்டாட்சியர் வழங்கிய வருமானச் சான்றிதழ் கோப்பிலேயே இருந்தும், கோரிக்கை அனுப்பப்படவில்லை. மறந்துவிட்டது என்றார்கள். எழுத்தில் கேட்ட பிறகு அனுப்பினார்கள், வரவும் வந்தது. நான் ஜவுளிக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவள் என்பதால் பற்று வரவைப் பார்க்கத் தெரிந்தது. பார்க்கத் தெரியாத வீடுகளில், படிப்பு முடிந்து தவணை தொடங்கும் நாளில்தான் அந்த மறதியின் தொகை தெரியவரும்.

பத்திரம் கேட்டதை எப்படிக் கடந்தோம் என்பதைச் சொல்லவில்லையே. மகள் படித்த பள்ளியின் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், “அம்மா, வாதாட வேண்டாம். அவர்கள் வாயால் சொன்னதை எழுத்தில் கேளுங்கள், அது போதும்” என்றார். அவர் சொன்னபடி ஒரு வெள்ளைத் தாளில் கடிதம் எழுதினோம். இன்ன பதிவு எண்ணில் 7.5 லட்சத்துக்குட்பட்ட கல்விக்கடனுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். உத்தரவாத நிதித் திட்டத்தின் கீழ் பிணை தேவையில்லை என்று அறிகிறோம். பிணை இல்லாமல் கடன் தர இயலாது என்றால், அந்த மறுப்பையும் அதற்கான காரணத்தையும், மறுப்புக்கு ஒப்புதல் அளித்த மேலதிகாரியின் பெயரையும் எழுத்தில் தரும்படி வேண்டுகிறோம். அவ்வளவுதான். கல்விக்கடன் விண்ணப்பத்தை அடுத்த நிலை அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் கிளை மறுக்கக் கூடாது என்பதும், பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் மாதிரித் திட்டத்திலேயே இருக்கின்றன. கடிதத்தின் நகலில் கிளையின் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொண்டோம். அடுத்த பதினோராம் நாள், பத்திரம் பற்றிய பேச்சே இல்லாமல், விடுதிச் செலவையும் சேர்த்துக் கடன் அனுமதிக்கப்பட்டது.

முத்திரை வாங்கிய கடிதத்துக்கும் முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். எங்களுக்கு அதற்கான தேவை ஏற்படவில்லை.

இன்னும் இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. 4 லட்சத்துக்கு மேற்பட்ட உள்நாட்டுக் கல்விக்கடனுக்கு 5 சதவீதம் மார்ஜின் தொகை உண்டு. எங்களுக்கு அது 30,000. முழுவதையும் முதலிலேயே கட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு ஆண்டும் தவணை விடுவிக்கப்படும்போது அந்த ஆண்டுக்கான பங்கைப் போட்டால் போதும், உதவித்தொகை ஏதும் கிடைத்தால் அதையும் இதில் கணக்கிட்டுக்கொள்ளலாம் என்று விதி சொல்கிறது. அதைக் காட்டியதும் 7,500 ரூபாயோடு முடிந்தது. கையெழுத்திடும் நாளில் ஒரு ஆயுள் காப்பீட்டுப் படிவத்தையும் சேர்த்து நீட்டினார்கள். மாணவருக்குக் காப்பீடு எடுப்பது நல்லதுதான். ஆனால் அது கடனுக்கு நிபந்தனை அல்ல. அவர்கள் நீட்டியது ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டிய சேமிப்புக் காப்பீடு என்பதைப் படித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றோம்.

நியாயமாகச் சொல்ல வேண்டிய நிறைகளும் இருக்கின்றன. இரண்டாம் ஆண்டில் வந்த புதிய மேலாளர் மகளை உட்காரவைத்து, மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பாராட்டி, அரை மணி நேரத்தில் தவணையை விடுவித்தார். பணம் நேரடியாகக் கல்லூரிக் கணக்குக்குப் போய்விடுகிறது. வட்டி விகிதத்தில் மறைவான சேர்க்கை எதையும் நான் காணவில்லை. ஐந்து நட்சத்திரத்தில் திட்டத்துக்கு நான்கரை தருவேன். எங்கள் கிளைக்கு முதல் ஆண்டுக்கு ஒன்றரை, அதற்குப் பின்னர் நான்கு. ஒரே திட்டம், ஒரே கிளை, நாற்காலியில் இருப்பவர் மாறியதும் மதிப்பெண் இவ்வளவு மாறுகிறது என்பதே எனக்கு வருத்தம் தருகிறது.

இந்த ஆண்டு விண்ணப்பிப்பவர்கள் பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தையும் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 6 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த இந்தத் திட்டத்தில், தேசியத் தரவரிசையை அடிப்படையாக வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களில் சேர்வோருக்குப் பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். ஆண்டு வருமானம் 8 லட்சம் வரை உள்ள, வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ பெறாத குடும்பங்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை விடுப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. நான் மேலே போட்ட கணக்கில் இது 63,000 ரூபாயைக் குறைக்கும். முதற்கட்டமாக 860 நிறுவனங்கள் என்று அறிவித்தார்கள். வட்டி மானியம் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு. பட்டியலில் உள்ள நிறுவனத்தில் இடம் கிடைத்தவருக்கு இது பெரிய உதவி. ஆனால் எங்கள் மகளின் கல்லூரியைப் போன்ற, தரவரிசையில் மேலே வராத கல்லூரிகளில்தான் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் மிகுதியாகப் படிக்கிறார்கள். அவர்களுக்கு இன்றும் பழைய திட்டமும், அதை நடத்தும் கிளையும்தான் கதி. பட்டியலை விரிவாக்குவதைப் போலவே, கிளையில் ஒரு தாளில் ஆவணங்களை அச்சிட்டு ஒட்டுவதையும் யாராவது முக்கியமாகக் கருத வேண்டும்.

போன ஆகஸ்டில் எங்கள் தெருவில் ஒரு பையனுக்குக் கலந்தாய்வில் இடம் கிடைத்தது. வேறொரு வங்கி, வேறொரு கிளை. ஐந்தரை லட்சத்துக்கு வீட்டுப் பத்திரம் கேட்டிருக்கிறார்கள். வாடகை வீட்டில் இருக்கும் அவன் அம்மா, எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு என்ன செய்வதென்று கேட்டார். எங்கள் கடிதத்தின் நகலை எடுத்துவந்து, பெயரையும் பதிவு எண்ணையும் தொகையையும் மட்டும் மாற்றி, என் மகளே அதைப் புதிதாக எழுதிக் கொடுத்தாள்.